மூடிய ஆலையின் வாட்ச்சுக்கு இத்தனை மவுசு!

எச்.எம்.டி ஜனதா, பைலட், காஞ்சன்... சாவி கொடுத்து ஓட்டும் பழைய கடிகாரங்களைத் தேடி அலையும் கூட்டம் வருடத்துக்கு வருடம் பெருகுகிறது. இந்த ஆசை எதைக் காப்பாற்றுகிறது, எதை அழிக்கிறது?

வெள்ளிக்கிழமை காலை. பல்லாவரம் சந்தை. பாதையின் இரண்டு பக்கமும் தார்ப்பாய் விரித்தாகிவிட்டது. பித்தளைக் குத்துவிளக்கு, கேசட் போடும் டேப் ரெக்கார்டர், மூடி தொலைந்த மிக்ஸி ஜார், ஒற்றைக் கால் செருப்புகூட இருக்கிறது. ஓரமாக ஒரு பிளாஸ்டிக் டிரே. அதில் குவியலாக வாட்சுகள். ஸ்ட்ராப் இல்லாதவை, கண்ணாடி விரிசல் விட்டவை, முள் உதிர்ந்து உள்ளேயே உருள்பவை.

முதுகில் லேப்டாப் பை மாட்டிய இளைஞர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். ஒன்றை மட்டும் தனியே எடுத்துக் கட்டைவிரலால் கண்ணாடியின் அழுக்கைத் துடைக்கிறார். வெள்ளை டயல் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. பன்னிரண்டுக்குக் கீழே எச்.எம்.டி முத்திரை, அதற்கடியில் ஜனதா. சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிக் காதில் வைக்கிறார். சத்தம் இல்லை.

"எவ்ளோண்ணே?"

"ஓடுனா எண்ணூறு. ஓடலைன்னா ஐந்நூறு."

"ஓடலைண்ணே. ஆனா டயல் நல்லாருக்கு."

"அப்ப எண்ணூறு குடு தம்பி. டயலுக்குத்தானே வாங்குற?"

தார்ப்பாய்க் கடைக்காரருக்குக்கூட விஷயம் தெரிந்துவிட்டது. ஓடாத வாட்ச்சை மெக்கானிக் ஓட வைத்துவிடுவார். பெயின்ட் அடித்துக் கெடுத்த டயலைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது. பழைய கடிகாரங்களின் மீது இன்று நாடெங்கும் பொங்கும் ஆசையும், அந்த ஆசைக்குள் நடக்கும் மோசடியும், அதனால் காணாமல் போய்க்கொண்டிருக்கும் நல்ல பொருள்களும் இந்த ஒரு பேரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

ஜலஹள்ளியில் தொடங்கிய கதை

சுதந்திரத்துக்கு முன் இந்தியர்கள் கட்டிய வாட்சுகள் பெரும்பாலும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியும் ஃபேவர் லூபாவும் பம்பாயில் கடை போட்டுக் கொடிகட்டிப் பறந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. வெளிநாட்டு வாட்ச் கள்ளக்கடத்தல் சரக்காக மாறியது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் சென்னையில் உருவான பர்மா பஜாரில் சீக்கோவும் சிட்டிசனும் கைமாறிய காலத்தைப் பல வாசகர்கள் நேரிலேயே பார்த்திருப்பார்கள்.

இந்தச் சூழலில்தான் அரசு தானே கடிகாரம் செய்ய முடிவெடுத்தது. இயந்திரங்கள் செய்வதற்காக 1953-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் (எச்.எம்.டி) நிறுவனம், ஜப்பானின் சிட்டிசனோடு 1961-ல் கைகோத்து, பெங்களூர் ஜலஹள்ளியில் வாட்ச் ஆலையைக் கட்டியது. முதல் தொகுதிக் கடிகாரங்களை 1963 ஜூலை 28 அன்று பிரதமர் நேரு வெளியிட்டார். எழுபதுகளில் ஸ்ரீநகர், தும்கூர், எண்பதுகளில் நைனிடால் மாவட்டத்து ராணிபாக் என்று ஆலைகள் பெருகின.

அடுத்த கால் நூற்றாண்டுக்கு வாட்ச் என்றால் எச்.எம்.டி. பத்தாம் வகுப்பு பாஸ் செய்த பையனுக்கு, ரிட்டயர் ஆகும் ஆசிரியருக்கு, மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு சேர்த்து. கிழமையும் தேதியும் காட்டும் ஆட்டோமேட்டிக் காஞ்சன் கிடைப்பதே பெரும்பாடு. விலைக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். படைவீரர்களுக்கு ஜவான், பெண்களுக்கு சுஜாதா, மெல்லிய பொன்முலாம் கேட்பவர்களுக்கு சோனா, பார்வையற்றோர் விரலால் தடவி நேரம் அறிய பிரெய்ல் வாட்ச். பத்துக் கோடிக்கு மேல் விற்றதாக நிறுவனமே சொன்னது.

பிறகு ஓசூர் எழுந்தது. டாடா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில் ஆலை கட்டி, 1987-ல் கடைக்கு வந்தது. செர்க்ஸஸ் தேசாய் தலைமையில் அது முழுக்க பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சில் இறங்கியது. எச்.எம்.டி-க்கு குவார்ட்ஸ் தெரியாது என்றில்லை. எண்பதுகளின் தொடக்கத்திலேயே செய்து பார்த்தது. ஆனால் பெரும்பான்மை உற்பத்தியைச் சாவி வாட்சிலேயே வைத்திருந்தது. கண்ணாடி ஷோரூமும் விதவிதமான வடிவமும் டிவி விளம்பர இசையுமாக டைட்டன் வந்தபோது வாங்குபவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

ஸ்ரீநகர் ஆலையின் கதை இன்னும் துயரமானது. அதன் பொது மேலாளர் எச்.எல். கேரா 1990 ஏப்ரலில் தீவிரவாதிகளால் கடத்திக் கொல்லப்பட்டார். அந்த ஆலை மீண்டும் நிமிரவே இல்லை. நிறுவனத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2014 செப்டம்பரில் வந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி வாட்சஸ், எச்.எம்.டி சினார் வாட்சஸ் இரண்டையும் மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தும்கூர் வளாகம் இஸ்ரோ கைக்குப் போனது.

மூடும் செய்தி வந்த அந்த வாரமே கடைகளில் கூட்டம் அலைமோதியது. அதுவரை பீரோவில் கிடந்த வாட்ச்சை ஜனங்கள் எடுத்துப் பார்த்தார்கள். இன்றைய பித்து அங்கிருந்து சூடு பிடித்தது.

> உள்ளே என்ன ஓடுகிறது?
>
> சாவி கொடுக்கும்போது சுருள்வது மெயின் ஸ்பிரிங். அது பிரிய முயல்கிறது. அந்த விசை பல்சக்கரங்கள் வழியாக வருகிறது. கடைசியில் ஒரு சின்ன நெம்புகோல் அதைத் தடுத்துத் தடுத்து, சொட்டுச் சொட்டாக விடுகிறது. 'டிக் டிக்' என்று கேட்பது அந்தத் தடுப்பின் சத்தம். தலைமுடி அளவு மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கோடு முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீல்தான் கணக்கு வைத்துக்கொள்கிறது.
>
> ஜனதா, பைலட் போன்ற எச்.எம்.டி சாவி வாட்சுகளில் மணிக்கு 18,000 துடிப்பு. நொடிக்கு 5. ஒரு நாளைக்கு 4,32,000. டயலில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்கு இல்லை. உருளும் அச்சு முனைகள் தேயாதிருக்கப் பதித்த செயற்கை மாணிக்கக் கற்களின் எண்ணிக்கை அது.
>
> குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதனால்தான் நூறு ரூபாய் பேட்டரி வாட்ச்கூட, நேரம் காட்டுவதில் பல லட்ச ரூபாய் சாவி வாட்ச்சை முந்துகிறது.

நேரம் பார்க்க போன் இருக்கிறது. பிறகு எதற்கு?

நாளைக்கு அரை நிமிடம் முன்னே பின்னே ஓடும் ஒரு பொருளை ஏன் கட்ட வேண்டும்? சேகரிப்பவர்களிடம் கேட்டால் பதில் ஆளுக்கு ஒன்று. ஒருவருக்கு அது அப்பாவின் மணிக்கட்டு. இன்னொருவருக்கு இன்ஜினீயரிங். பின்மூடியைக் கழற்றிப் பேலன்ஸ் ஆடுவதைப் பார்த்தால் அன்றைய பொழுது அவருக்கு நன்றாகப் போகும். மூன்றாமவர் டயல் வரிசையாக வாங்குபவர். ஒரே ஜனதாவில் வெள்ளை, கறுப்பு, நீலம், தேவநாகரி எண் போட்டது என்று அடுக்கிவைத்து, விட்டுப்போன ஒன்றுக்காக ஊர் ஊராகப் போவார்.

எனக்குப் படுவது வேறு காரணம். இன்று நம் கையில் இருக்கும் பொருள்களில் எதைத் திறந்து பழுது பார்க்க முடிகிறது? போன் ஒட்டப்பட்டிருக்கிறது. ஸ்மார்ட்வாட்ச்சின் பேட்டரி நாலைந்து வருடத்தில் தளர்ந்தால் அதோடு கதை முடிந்தது. 1970-ல் செய்த ஜனதாவை, கை தெரிந்த ஒருவர் இன்றும் ஒரு திருப்புளியும் ட்வீசரும் வைத்து முழுதாகப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு, மறுபடி கோத்து ஓட வைத்துவிடுவார். கெட்டது சரியாகும் என்ற நம்பிக்கையைக் கொடுக்கும் பொருள் அது. இருபத்தைந்து வயதுக்காரர்களும் இதைத் தேடி வருவதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? அவர்களுக்கு எச்.எம்.டி பற்றி எந்தப் பழைய நினைவும் கிடையாதே.

அளவும் ஒரு காரணம். பத்து வருடத்துக்கு முன் அகலமான வாட்ச்தான் கம்பீரம் என்றிருந்தது. ஜனதா சுமார் 35 மில்லிமீட்டர். நம் மணிக்கட்டுக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்து, முழுக்கைச் சட்டைக்குள் போய்விடும். உலகச் சந்தையே இப்போது சின்ன வாட்ச் பக்கம் திரும்பியிருக்கிறது.

'மும்பை ஸ்பெஷல்'

இனி வருவது இந்த ஆசையின் இருட்டுப் பக்கம். இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உலகமெங்கும் உள்ள சேகரிப்பாளர்களிடம் 'மும்பை ஸ்பெஷல்' என்றால் முகம் சுளிப்பார்கள். இந்தியாவிலிருந்து ஆன்லைனில் விற்பனைக்குப் போகும் ஒருவகை வாட்சுக்கு அந்தப் பெயர். குப்பையில் கிடந்த பழைய மெஷின் ஒன்று, எங்கோ வார்த்த கேஸ் (வெளிக்கூடு) ஒன்று, பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் பளிச்சென்று அடித்த டயல் ஒன்று, வேறு வாட்சின் முள். எல்லாவற்றையும் சேர்த்தால் பார்க்கப் புத்தம்புதுசு. ஐம்பது வருடத்து வாட்ச் எப்படி இவ்வளவு பளபளக்கும் என்று வாங்குபவர் யோசிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து கேட்கிறார்கள், இங்கிருந்து போகிறது. சாதாரண எச்.எம்.டி டயலில் 'பைலட்' என்றும் 'ஜவான்' என்றும் அச்சிட்டுக் கூடுதல் விலைக்கு விற்பது இதில் ஒரு கிளைத்தொழில்.

இதில் வாங்குபவரின் பணம் போவது சின்ன நஷ்டம். அந்தச் சுரண்டலில் போவது திரும்பி வராத பொருள். ஆலையில் அடித்த டயலின் எழுத்து, பல வருடம் வெயிலிலும் வியர்வையிலும் அது ஏற்றுக்கொண்ட நிறம், அடிவிளிம்பில் பொடி எழுத்தில் இருந்த எண். ஒருமுறை சுரண்டினால் அந்த வாட்ச் எந்த மாடல், எப்போது செய்தது என்ற சாட்சியமே அழிந்துவிடுகிறது. ஆலையே மூடிய பிறகு, மிச்சமிருக்கும் ஆவணம் இந்த டயல்கள்தாம். பளபளப்புக்கு ஆசைப்பட்டு அவற்றை அழிப்பதைப் பார்க்கும்போது, கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பதுதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் டயல் அடிப்பவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? பல வருடமாக நம் ஊரில் வாட்ச் ரிப்பேர் என்றால் 'புதுசு மாதிரி ஆக்கிக் கொடுப்பது' என்றுதான் அர்த்தம். வாடிக்கையாளர் அதைத்தான் கேட்டார். மகன் கல்யாணத்துக்குத் தாத்தா வாட்ச்சைக் கட்ட வேண்டும், கறை தெரியக் கூடாது. கடைக்காரர் அடித்துக் கொடுத்தார். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அதே கைவேலையை 'ஒரிஜினல்' என்று சொல்லி விற்கும்போதுதான் மோசடியாகிறது. வாங்குபவர்கள் பளபளப்பைக் கேட்பதை நிறுத்தினால், அடிப்பவர்களும் நிறுத்துவார்கள்.

பழைய வாட்சுகளைக் குடிக்கும் இன்னொரு வாய் உதிரிபாகப் பஞ்சம். ஆலை இல்லை, பாகம் வராது. அதனால் 'ரெண்டை உடைச்சு ஒண்ணு' என்பதே பட்டறைகளின் கணக்கு. ஒன்றின் பேலன்ஸ், இன்னொன்றின் சாவித்தண்டு. ஓட வைப்பதற்காகச் செய்வதென்றால் அது நியாயம்தான், வேறு வழியும் இல்லை. ஆனால் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. சுவிஸ் தங்க வாட்சுகளுக்கு வேறொரு எமன். தங்கம் விலை ஏற ஏற, கேஸின் எடை அந்த வாட்சின் மதிப்பைத் தாண்டிவிடுகிறது. அடகுக்கடை, நகைக்கடை வழியாக மெஷினைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கேஸை உருக்கிவிடுகிறார்கள்.

> டயலைப் படிக்கப் பழகுங்கள்
>
> வாங்கும் முன் ஒரு பூதக்கண்ணாடியோ போன் கேமராவின் ஜூமோ போதும்.
>
> எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். மை பரவி, தடித்துத் தெரிந்தால் மறுபடி அடித்தது. நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேர்கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். டயலின் அடிவிளிம்பில் இருக்க வேண்டிய பொடி எழுத்து காணவில்லையென்றால் சந்தேகப்படுங்கள். முள் மட்டும் பளிச்சென்றிருந்து டயல் பழுத்திருந்தால், அல்லது நேர்மாறாக இருந்தால், இரண்டும் இரண்டு வாட்சிலிருந்து வந்தவை.
>
> கேஸின் விளிம்புகள் மழுங்கி உருண்டிருந்தால் பஃபிங் சக்கரத்தில் பலமுறை தேய்த்திருக்கிறார்கள். பின்மூடியைத் திறந்து மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.
>
> ஆரஞ்சு, கிளிப்பச்சை, ஊதா என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் 'பழைய' எச்.எம்.டி வந்தால் அப்படியே நகர்ந்துவிடுங்கள்.

மேஜைக்குப் பின்னால் இருப்பவர்

சென்னையிலோ மதுரையிலோ பேருந்து நிலையத்தை ஒட்டி, மாடிப்படிக்கு அடியில், கண்ணாடிப் பெட்டி வைத்த ஒரு வாட்ச் கடை இருக்கும். அங்கே போய் ஒரு சாவி வாட்சுக்கு 'ஆயில் சர்வீஸ்' செய்வதைப் பொறுமையாக நின்று பார்த்தால் இந்தக் கலையின் அளவு புரியும்.

கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு முதலில் அவர் செய்வது ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்குவது. சாவியை விரலில் பிடித்தபடி, ஒரு சின்னக் கொக்கியை நகர்த்தி, மெல்ல மெல்லத் தளர்த்துகிறார். இதைச் செய்யாமல் திறந்தால் பல்சக்கரங்கள் சீறிச் சுழன்று பல் உடைந்துவிடும். பிறகு பேலன்ஸைத் தூக்குகிறார். ஹேர் ஸ்பிரிங்கில் தொங்கியபடி அது மேலே வருகிறது. கை நடுங்கினால் அந்தச் சுருள் சிக்கிக்கொள்ளும். சிக்கியதைப் பிரித்துப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவர ஒரு நாள் ஆகலாம், வராமலும் போகலாம். ஒவ்வொரு பாகமாகக் கிண்ணத்துப் பெட்ரோலில் விழுகிறது. பிரஷ்ஷால் தேய்க்கிறார். கல்லின் குழிக்குள் கறுத்துக் காய்ந்த எண்ணெயைக் குச்சி முனையால் சுழற்றி எடுக்கிறார். மறுபடி கோக்கும்போது ஊசி முனையில் எண்ணெய். கூடினால் வழியும், குறைந்தால் தேயும். கடைசியில் பேலன்ஸ் இறங்கி இடத்தில் உட்கார, யாரும் தொடாமலே துடிக்கத் தொடங்குகிறது. நூறு முறை பார்த்தாலும் அலுக்காத நொடி அது.

இவ்வளவுக்கும் அவருக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். அதே நேரத்தில் பத்துப் பேருக்கு பேட்டரி மாற்றியிருந்தால் வருமானம் கூட. அதனால்தான் அடுத்த தலைமுறை இந்த நாற்காலியில் உட்காரவில்லை. பல கடைகளில் இன்று பேட்டரி, ஸ்ட்ராப், போன் கவர் வியாபாரம் மட்டுமே. பேலன்ஸ் அச்சைக் கடைசல் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஓரிருவர் மிஞ்சினால் பெரிது.

ஐயாயிரம் கொடுத்து வாட்ச் வாங்குபவர், ஆயிரம் ரூபாய் சர்வீஸுக்கு பேரம் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். அது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இந்த விருப்பத்தின் உயிர் நாடி அந்த நாற்காலியில்தான் இருக்கிறது. கேட்ட கூலியைக் கொடுங்கள். முடிந்தால் அதற்கு மேலும் கொடுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கு ஒரு பாடப்பிரிவை அரசு தீவிரமாக யோசிக்கலாம். இந்தியாவின் மிகப்பெரிய வாட்ச் ஆலைகளில் ஒன்று ஓசூரில் இருக்கும்போது, தமிழ்நாட்டுக்கு அந்தப் பொறுப்பு கொஞ்சம் கூடுதல்.

யாரும் தேடாத சுஜாதா

சேகரிப்பாளர் கூட்டங்களில் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் தேடுவது ஆண்கள் வாட்ச். அம்மாக்களும் அத்தைகளும் டீச்சர்களும் நர்ஸுகளும் கட்டிய சுஜாதா போன்ற சின்ன வாட்சுகளைச் சீந்துவார் இல்லை. சந்தையில் குவியலோடு எடைக்குப் போகின்றன. அவற்றின் உள்ளே இருக்கும் மெஷின் விரல் நகத்தளவு. அதே பாகங்கள், பாதி இடத்தில். செய்வதும் கஷ்டம், பழுது பார்ப்பதும் கஷ்டம். இன்னும் பத்து வருடம் கழித்து இவை அரிதாகிவிட்டன என்று தேடப்போகிறார்கள். அதற்குள் முக்கால்வாசி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். முதல் சம்பளத்தில் தானே வாங்கிக் கட்டிய வாட்ச் என்று ஒரு பெண்ணுக்கு இருந்தால், அந்த வீட்டில் பாதுகாக்க வேண்டிய முதல் பொருள் அதுதான்.

உலக ஏலச் சந்தை இதே பாடத்தைத் தன் மொழியில் சொல்கிறது. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டிய ரோலக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. அதே மாடல் வேறு பலரிடமும் உண்டு. விலை ஏறியது, கவனமாக ஓட்டச் சொல்லி அவர் மனைவி ஜோஆன் உட்வர்ட் பின்மூடியில் பொறித்துக் கொடுத்த வரியாலும், அது யார் கையில் இருந்தது என்ற ஐயமற்ற சங்கிலியாலும். நம் வீட்டு வாட்சுகளுக்கு அந்தச் சங்கிலியை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

> ரேடியம்: எச்சரிக்கை
>
> இருட்டில் ஒளிரும் எதையும் நாம் 'ரேடியம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1960-களுக்கு முந்தைய பல வெளிநாட்டு வாட்சுகளில் இருப்பது நிஜ ரேடியம். 1920-களில் அமெரிக்க ஆலைகளில், பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி இந்தப் பெயின்ட்டை அடித்த இளம்பெண்கள் பலர் தாடை எலும்பு அரித்து மாண்டார்கள்.
>
> ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. ஒளிரும் பூச்சு செத்துவிட்டாலும் கதிர்வீச்சு சாகவில்லை. கட்டிக்கொள்வதில் பெரிய ஆபத்து இல்லை. மூடியைத் திறந்து சுரண்டுவதும், உதிர்ந்த தூள் மூச்சில் போவதும்தான் ஆபத்து. இத்தகைய டயலைச் சுத்தம் செய்ய முயலாதீர்கள். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது சொல்லிக் கொடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள்.

பெட்டியிலா, கையிலா?

பூட்டி வைப்பவர்கள் ஒரு கட்சி, கட்டித் திரிபவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. வருடக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் வாட்சில் எண்ணெய் பிசினாக இறுகிவிடும். அப்படி இறுகியது தெரிவதே மறுபடி ஓட்டிப் பார்க்கும்போதுதான். கட்டுபவர் ஒரு நாள் இரண்டு நிமிடம் தப்பினாலே கவனித்துவிடுவார்.

ஆனால் நம் ஊர் வெயிலில் கட்டுவதற்குச் சில பழக்கம் வேண்டும். எச்.எம்.டி-யின் பல மாடல்களில் கேஸ் பித்தளை, மேலே குரோமியம் முலாம். வியர்வை அதை அரித்துக் குழி போட்டுவிடும். கழற்றியதும் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. மழையில் வேண்டாம். பழைய ரப்பர் வளையம் இறுகிப் போயிருக்கும், மூடியில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீர் புகும்.

சாவியைத் தினம் காலை ஒரே நேரத்தில், கை தடுக்கும்வரை கொடுக்கலாம். அதிகம் கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். தடுத்த பிறகும் முரட்டுத்தனமாகத் திருகினால்தான் வினை. தேதி காட்டும் வாட்சில் இரவு ஒன்பது மணியிலிருந்து விடியற்காலை மூன்று வரை தேதியைத் திருப்பாதீர்கள். அந்த நேரத்தில் பற்கள் கோத்திருக்கும்.

நம் தாத்தாக்களுக்குத் தெரியாத புது எதிரி ஒன்று இருக்கிறது. காந்தம். போன் கவர், லேப்டாப் மூடி, புளூடூத் ஸ்பீக்கர், கைப்பை பட்டன் என்று எங்கும் அது. பக்கத்தில் வைத்தால் ஹேர் ஸ்பிரிங் காந்தமேறிச் சுருள்கள் ஒட்டிக்கொள்ளும். வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடும். பழுது என்று பயந்து புதுப் பாகம் மாற்றச் சம்மதிக்காதீர்கள். காந்தம் இறக்கும் சின்னக் கருவியில் சில நொடி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி?

இந்த மோகம் புதிய கதவுகளையும் திறந்திருக்கிறது. எச்.எம்.டி பெயரில் கடிகாரங்கள் இப்போதும் விற்பனைக்கு வருகின்றன. ஜலஹள்ளியில் 2019-ல் திறந்த எச்.எம்.டி பாரம்பரிய மையத்தில் பழைய மாடல்களைப் பார்க்கலாம். பழைய நாணயங்களை டயலாக்கும் ஜெய்ப்பூர் வாட்ச் கம்பெனி, விமானப் படையையும் விண்வெளியையும் கருவாக எடுக்கும் பெங்களூர் வாட்ச் கம்பெனி என்று சிறு நிறுவனங்கள் முளைத்திருக்கின்றன. நம் பெரியவர்கள் கட்டிய ஃபேவர் லூபாவை 2011-ல் டைட்டன் வாங்கியது. பிறகு 2023-ல் அது ஈதோஸ் குழுமத்திடம் போனது. சுவிஸ் பெயருக்கு இந்திய முதலாளிகள்.

புதியவை வரட்டும். நல்லது. ஆனால் இனி ஒரு பழைய ஜனதா செய்யப்படப் போவதில்லை. இருப்பதை வைத்துக்கொள்வதற்கான வேலை வீட்டு பீரோவில் தொடங்குகிறது.

அப்பாவுடையதோ அத்தையுடையதோ ஒரு வாட்ச் கிடைத்தால், ஆசையில் உடனே சாவி கொடுக்காதீர்கள். காய்ந்த எண்ணெயில் ஓடினால் அச்சு தேயும். சாவி வாட்ச் பிரித்துப் பழகிய மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். கொடுக்கும் முன் டயலையும் மெஷினையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "மெஷினை மட்டும் சர்வீஸ் பண்ணுங்கண்ணே. டயல்ல கை வைக்க வேணாம், கேஸுக்கு பாலிஷ் வேணாம்" என்று அழுத்திச் சொல்லுங்கள். எந்தப் பாகம் மாற்றினாலும் பழையதைப் பொட்டலம் கட்டித் திருப்பிக் கேளுங்கள். வாங்கி வந்ததும் ஒரு தாளில் யார் கட்டியது, எந்த வருடம், எந்தக் கடையில் வாங்கியது, யார் எதற்காகக் கொடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி, அந்தப் பொட்டலத்தோடு சேர்த்து வையுங்கள். பில்லோ கியாரன்டி அட்டையோ கிடைத்தால் அதையும்.